ஒரு பூஜ்யம் கூடுதலாக இருந்தது: தப்பு என்னுடையதா?

கேள்வி: பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம் ஒன்றை நான்கு வருடமாக ஆடிவருகிறேன். அதில் ஆட்டக்காரர்களே கடை போட்டுப் பொருள் விற்கலாம். போன வாரம் ஒருவர் கடை போட்டிருந்தார். அவர் தலைக்கு மேல் இருந்த பலகையில் ‘எல்லாம் 500000’ என்று எழுதியிருந்தது. உள்ளே பன்னிரண்டு பொருள்கள். பதினொன்றின் விலை 500000. நான் பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கவசம் மட்டும் 5000000. இலக்கங்களுக்கு நடுவே காற்புள்ளி கிடையாது. வாங்கி முடித்த பிறகுதான் கவனித்தேன். கையில் இருந்த 50 லட்சம் காசும் போய்விட்டது. அதில் 30 லட்சம் எங்கள் கில்டுக்கு, அதாவது கேமில் நாங்கள் சேர்ந்து ஆடும் குழுவுக்கு, சொந்தம். மீதியில் ஒரு பகுதி, கம்பெனியிடமே கார்டு மூலம் வாங்கியது.

விற்றவரைக் கேட்டால், ‘விலை திரையில் இருந்தது, பார்க்காதது உன் தப்பு’ என்கிறார். அட்மினும் அதையே சொல்லிவிட்டார். ஆத்திரத்தில் பொது சாட்டில் அவருடைய கேம் பெயரைப் போட்டு ‘திருடன்’ என்று எழுதினேன். எனக்கு 7 நாள் சாட் தடை. அவர் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். கில்டுத் தலைவர் 30 லட்சத்துக்கு ஈடாக நிஜப் பணம் கேட்கிறார். சட்டப்படி தப்பு யார்மேல்?

பதில்: உங்களிடம் எல்லோரும் ‘நீ ஏன் பார்க்கவில்லை’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘நீ ஏன் பலகையில் அப்படி எழுதினாய்’ என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டம் முதலில் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘பார்க்க வாய்ப்பு இருந்தும் பார்க்கவில்லை, ஆகவே நஷ்டம் உன்னுடையது’ என்ற வாதம் புதிதல்ல. 1881-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் என்ற வழக்கு வந்தது. ரெட்கிரேவ் ஒரு வழக்கறிஞர். தன் தொழிலில் பங்காளியாகச் சேர்ந்து, வீட்டையும் வாங்கிக்கொள்ள ஆள் தேடினார். தொழிலில் வருடத்துக்குச் சுமார் 300 பவுண்டு வரும் என்று ஹர்ட் என்பவரிடம் சொன்னார். அவர் காட்டிய கணக்கில் 200 கூடத் தேறவில்லை. மிச்சம் இந்தக் காகிதக் கட்டில் இருக்கிறது என்று ஒரு கட்டைக் காட்டினார். ஹர்ட் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று தெரிந்திருக்கும். விஷயம் தெரிந்ததும் அவர் பின்வாங்க, ரெட்கிரேவ் வழக்குப் போட்டார். பொய் சொல்லி நம்ப வைத்தவர், ‘நீ சோதித்திருந்தால் என் பொய் தெரிந்திருக்குமே’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒப்பந்தம் ரத்தானது.

உங்கள் கவசத்தின் மேல் எழுதியிருந்த விலையும் அந்தக் காகிதக் கட்டு மாதிரிதான். உண்மை அங்கேயே கிடந்தது. ஆனால் அதைப் பார்க்கத் தேவையில்லை என்று உங்களை நினைக்க வைத்தது பலகை. அதில் ‘500000 முதல்’ என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அவர் எழுதியது ‘எல்லாம்’. பன்னிரண்டில் ஒன்றைப் பொறுத்தவரை அது பொய், எழுதியவருக்கே தெரிந்த பொய். இதற்கு முன்னும் பின்னும் அவர் போட்ட கடைகளின் படம் உங்களிடமோ நண்பர்களிடமோ இருந்தால் தேடி எடுங்கள். ஒரே பலகை, ஒரே மாதிரி அடுக்கு, ஒரு பொருளில் மட்டும் ஒரு பூஜ்யம் கூடுதல் என்று திரும்பத் திரும்ப வந்தால், ‘கை தவறி அடித்துவிட்டேன்’ என்ற பேச்சு எடுபடாது.

எல்லா நாட்டிலும் ஹர்ட்டுக்குக் கிடைத்த அதே தாராளம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உதாரணத்துக்கு, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. தெரியாமல் சொன்ன தவறான தகவலாலோ, வஞ்சகமான மௌனத்தாலோ ஒருவர் சம்மதித்திருந்தால், சாதாரணக் கவனம் வைத்தாலே அவருக்கு உண்மை தெரிந்திருக்கும் என்னும்போது ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் தெரிந்தே சொன்ன பொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. இதனால்தான் பலகையின் படம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம். பலகையே இல்லாமல், விலைகளை மட்டும் கண்ணை ஏமாற்றுகிற மாதிரி அடுக்கியிருந்தால் அவர் ‘நான் எதுவுமே சொல்லவில்லையே’ என்பார். அங்கே வழக்கு பலவீனப்படும்.

பலவீனப்படுமே தவிர, செத்துப்போகாது. எதிராளி விலையைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே அதைப் பயன்படுத்திக்கொள்வதையும் சட்டம் ஏற்காது. 1939-இல் வந்த ஹார்டாக் வழக்கு முயல் தோல் வியாபாரம் பற்றியது. அந்தத் தொழிலில் துண்டுக் கணக்கில்தான் விலை பேசுவார்கள். விற்பவர் தவறிப்போய் எடைக் கணக்கில் விலை எழுதிவிட்டார். ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் மூன்று தோல் நிற்கும் என்பதால் விலை மூன்றில் ஒன்றாகிவிட்டது. வாங்குபவருக்கு அது தவறு என்று புரியாமல் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட சம்மதம் சம்மதமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேம் கடைகளில் ஒரு பொருளின் விலையைக் காட்டி மொத்தக் கட்டின் விலை என்று நம்ப வைப்பது, குறைந்த விலைக்குக் கடை போட்டுக் கூட்டம் சேர்ந்ததும் மூடி, ஒரு பூஜ்யம் சேர்த்து மறுபடி திறப்பது எல்லாம் இந்த முயல் தோலின் இன்னொரு பக்கம்தான்.

சரி, நியாயம் உங்கள் பக்கம் சாய்கிறது. காசு திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. இங்கே உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை.

ஒவ்வொரு கேமுக்கும் விதிமுறை உண்டு. கணக்குத் தொடங்கும்போது அதை ஏற்றுக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே வருகிறோம். ஈவ் ஆன்லைன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கேமுக்குள் நடக்கும் வியாபார ஏமாற்று பெரும்பாலும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று அனுமதிக்கப்பட்டது, நிறுவனம் காசைத் திருப்பித் தராது. அப்படி ஒரு உலகத்துக்குள் தெரிந்தே நுழைந்தவர் பிறகு நீதிமன்றத்தில் வஞ்சகம் என்று சொல்வது கஷ்டம். சீட்டாட்டத்தில் எதிராளி முகபாவத்தால் ஏமாற்றினார் என்று வழக்குப் போட முடியாதே. வேறு பல கேம்கள் ஆட்டக்காரர்களை ஏமாற்றுவதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. உங்கள் கேம் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. அட்மின் வாயால் சொன்னதை விட்டுவிடுங்கள். விதிமுறையைத் திறந்து ஏமாற்று, வஞ்சகம், ஆட்டக்காரர் வியாபாரம் பற்றிய பத்திகளைப் படியுங்கள். தடை இருந்தால் அந்த அட்மின் தன் கம்பெனியின் விதியையே படிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்த சிக்கல், அந்தக் காசு யாருடையது என்பது. பெரும்பாலான விதிமுறைகளில் காசும் பொருளும் கம்பெனிக்கே சொந்தம், உங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும் என்று இருக்கும். நீதிமன்றங்கள் எப்போதும் அதோடு நின்றுவிடவில்லை. 2003-இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று, ஹேக்கரிடம் ஒரு ஆட்டக்காரர் இழந்த பொருள்களைத் திரும்பக் கொடுக்கும்படி கேம் கம்பெனிக்கு உத்தரவிட்டது. 2012-இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், ரூன்ஸ்கேப் கேமின் தாயத்தும் முகமூடியும் திருடப்படக்கூடிய பொருள்களே என்று தீர்ப்புச் சொன்னது. அவற்றைச் சேர்க்கச் செலவான உழைப்பும் நேரமும் அவற்றுக்கு மதிப்புக் கொடுத்தன. ஆனால் அந்த வழக்கில் 13 வயதுப் பையன் ஒருவனை நிஜ உலகத்தில் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டிக் கேமுக்குள் பொருளைக் கீழே போட வைத்தார்கள். பெய்ஜிங் வழக்கில் கம்பெனியின் பாதுகாப்பில் ஓட்டை இருந்தது. நீங்களோ உங்கள் விரலால்தான் ‘வாங்கு’ பொத்தானை அழுத்தினீர்கள். இந்த வித்தியாசத்தை எந்த நீதிபதியும் கவனிப்பார்.

எனவே விற்றவர்மேல் தனி வழக்கு என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே ஆகும் செலவு உங்கள் நஷ்டத்தைத் தாண்டிவிடும். உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் கம்பெனிதான். அங்கே இன்னொரு முறை தட்டுங்கள், இந்த முறை எழுத்தில். சாட்டில் ஒரு அட்மினிடம் புலம்புவது புகார் ஆகாது. இப்படி எழுதலாம்:

‘இந்தத் தேதி, இந்த நேரம், இந்தச் சேனலில், இந்தப் பெயருள்ள ஆட்டக்காரரின் கடையில் வாங்கினேன். பலகையில் எல்லாப் பொருளும் 500000 என்று இருந்தது. ஒரு பொருள் மட்டும் 5000000-க்கு வைக்கப்பட்டிருந்தது. படங்கள் இணைப்பில். இது உங்கள் விதிமுறையின் இந்தப் பத்திக்கு முரணானது. கவசத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன். பரிமாற்றத்தை ரத்து செய்யவும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும். முடிவு வரும்வரை இந்தப் பரிமாற்றத்தின் பதிவுகளையும் பலகை வாசகத்தின் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கவும்.’

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். சர்வர் பதிவுகள் என்றென்றைக்கும் இருக்காது. கவசத்தைத் திருப்பித் தருகிறேன் என்பதும் முக்கியம். ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்பவர் பொருளையும் வைத்துக்கொண்டு காசையும் கேட்க முடியாது. அதனால் இப்போதைக்கு அதை விற்கவோ மேம்படுத்தவோ வேண்டாம். நீங்கள் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால், தரவுப் பாதுகாப்பு விதியின் 15-ஆம் பிரிவின்படி உங்களைப் பற்றிய பதிவுகளின் நகலையும் கேட்கலாம்.

காற்புள்ளி இல்லாத விலை பற்றியும் அதில் ஒரு வரி சேருங்கள். ஏழு இலக்க எண்ணை இடைவெளி இல்லாமல் காட்டும் திரை, ஏமாற்றுகிறவருக்குத்தான் துணை நிற்கிறது. இதை மாற்றக் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. குழப்பமான பொத்தான்கள் மூலம் ஆட்டக்காரர்கள் நினைக்காத செலவைச் செய்ய வைத்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அங்கே ஆட்டக்காரர்கள் செலவழித்தது கம்பெனிக்கே நேராகப் போன பணம், உங்களுடையது இன்னொரு ஆட்டக்காரருக்குப் போன காசு. ஆகவே அதே நிவாரணம் கிடைக்காது. ஆனால் திரை வடிவமைப்புக்குக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்க அது வலுவான உதாரணம்.

ஒன்றைச் செய்யவே கூடாது: வங்கியிடம் சொல்லிக் கார்டுப் பணத்தைத் திரும்ப இழுப்பது. கம்பெனி நீங்கள் கேட்ட காசைக் கொடுத்துவிட்டது, அந்த விற்பனையில் குறை இல்லை. பணத்தை இழுத்தால் உங்கள் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அப்புறம் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும்.

மானநஷ்ட மிரட்டலுக்கு வருவோம். அவதூறு ஆக, சொன்ன வார்த்தை ஒரு நிஜ மனிதரைச் சுட்டுவதாக மற்றவர்களுக்குப் புரிய வேண்டும். கேம் பெயர் மட்டும் இருந்து, அது யார் என்று யாருக்கும் தெரியாது என்றால் வழக்கு நிற்பது கடினம். அவரை நேரில் அறிந்தவர்கள் அந்த சாட்டில் இருந்தால் நிலைமை மாறும். ‘திருடன்’ என்பது ஒரு குற்றத்தைச் சுமத்தும் சொல், அதை மறுபடி எழுதாதீர்கள். ‘பலகையில் 500000, உள்ளே 5000000, இதோ படம்’ என்று எழுதினால் அது நடந்த உண்மை. மற்றவர்களை எச்சரிக்கவும் அதுவே போதும். அவருடைய நிஜப் பெயர், முகவரி, போன் எண் எதையும் வெளியிட வேண்டாம். 7 நாள் தடையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு எதிராகப் போராடினால் உங்கள் முக்கியப் புகார் பின்னுக்குப் போய்விடும்.

கில்டு விஷயம்தான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று படுகிறது. அடுத்தவர் பணத்தை நம்பி வாங்கிக்கொண்டவருக்கு நியாயமான கவனம் காட்டும் கடமை உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூலி இல்லாமல் நட்புக்காகச் செய்யும் ஒருவரிடம் சட்டம் பொதுவாக எதிர்பார்ப்பது சாதாரணக் கவனம்தான். திட்டமிட்ட பொய்யால் ஏமாந்தவரை அந்தக் கடமையில் தவறியவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. நீங்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொண்டாலும், போனது கேம் காசு. அதை நிஜப் பணமாகத் தருவதாக உங்களுக்குள் எந்த உடன்பாடும் இல்லாதபோது தலைவர் அதைக் கேட்க முடியாது. பல கேம்களில் அப்படிக் காசை வெளியே விலை பேசுவதே விதிமீறல், இரண்டு பேர் கணக்கும் போகலாம். ஆகவே கம்பெனிக்கு அனுப்பும் புகாரின் நகலைத் தலைவருக்கும் அனுப்புங்கள். நிஜப் பணம் தர முடியாது என்று மரியாதையாக எழுதுங்கள். விருப்பம் இருந்தால், ஆடிச் சேர்க்கும் காசில் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுகிறேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், தப்பை ஒப்புக்கொண்டு அல்ல, நட்புக்காகத் தருகிறேன் என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.