ஜும்ஆவுக்கு (வெள்ளி நண்பகல் கூட்டுத் தொழுகை) தாமதமாகச் சேர்ந்தால் இரண்டா, நான்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால்மரம் வெட்டும் (பட்டை சீவிப் பால் எடுக்கும்) ஒருவரின் கேள்வி: "பால் எடுத்து, எடை நிறுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவதற்குள் குத்பா (இமாமின் உரை) முடிந்து தொழுகையும் நடந்துகொண்டிருக்கிறது. ஜும்ஆவாக இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுவதா, லுஹராக (வழக்கமான நண்பகல் தொழுகை) நான்கா?"

இமாமோடு ஒரு ரக்அத்தாவது கிடைத்ததா என்று பாருங்கள். மலேசியப் பள்ளிகளில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்), இரண்டாம் ரக்அத்தின் ருகூவில் (குனியும் நிலையில்) இமாமைப் பிடித்துவிட்டால் ஜும்ஆ கிடைத்துவிட்டது. அவர் ஸலாம் கொடுத்து முடித்ததும் எழுந்து ஒரு ரக்அத் தொழுதால் போதும். அந்த ருகூவிலிருந்து அவர் நிமிர்ந்த பிறகு சேர்ந்தால் நான்கு. அப்போதும் நிய்யத்தை (மனதில் கொள்ளும் எண்ணத்தை) ஜும்ஆ என்றே வைத்துச் சேர்ந்து, ஸலாமுக்குப் பின் எழுந்து லுஹராக நான்கையும் தொழ வேண்டும். பலர் தடுமாறுவது இந்த நிய்யத்தில்தான். ஹனஃபி மத்ஹபினருக்கு, அதன் இமாம் அபூஹனீஃபாவின் சொல்லின்படி, ஸலாமுக்கு முன் அத்தஹிய்யாத்தில் (கடைசி இருப்பில்) வந்து சேர்ந்தாலும் இரண்டுதான்.

ருகூவைப் பிடிக்கும் அவசரத்தில் ஓடி வந்து, குனிந்துகொண்டே முதல் தக்பீர் ("அல்லாஹு அக்பர்") சொல்லிவிடுகிறார்கள். அது செல்லாது. நிமிர்ந்து நின்று தக்பீரை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் குனிய வேண்டும். கை முழங்காலில் படிந்து உடல் ஒரு கணம் அசைவற்று நிற்கும்போது இமாமும் ருகூவிலேயே இருந்திருக்க வேண்டும். இருந்தாரா என்று சந்தேகம் வந்தால் கிடைக்கவில்லை என்றே கணக்கு.

பால்மரத்துக்காரர்கள் தொழுகைக்கு முன்பே கவனிக்க வேண்டியது ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது). விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் முழங்கையிலும் காய்ந்த பால் ரப்பர் தோலாக ஒட்டியிருக்கும். அதன் அடியில் தண்ணீர் போகாது, ஒளு கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி உருட்டித் தேய்த்து உரித்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெறும் கறை நின்றால் பரவாயில்லை. ஜும்ஆ குளிப்புக்கு ஃபஜ்ரிலிருந்தே (விடியலிலிருந்தே) நேரம் உண்டு என்றாலும், வெட்டு முடிந்து வந்து குளிப்பதே நல்லது. பால் வாடையோடு ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்பது பக்கத்தில் இருப்பவருக்குச் சிரமம்.

இப்படித் தவறுவது நவம்பரில் அதிகம். நம் பகுதியில் பிப்ரவரியில் லுஹர் 1.30 வாக்கில் வரும். நவம்பர் தொடக்கத்தில் 1 மணிக்கே வந்துவிடும். அதே சமயம் மழையால் பட்டை ஈரமாகி வெட்டு தள்ளிப்போகும், பால் எடுப்பதும் தள்ளிப்போகும். பிப்ரவரி நேரத்தை மனதில் வைத்துக் கிளம்பினால் குத்பா கிடைக்காது. (1982 ஜனவரி 1-ல் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதால்தான் லுஹரே இங்கு இவ்வளவு பிந்தித் தெரிகிறது.)

குத்பா நடக்கும்போதே போய்ச் சேர்ந்தால் தோள்களைத் தாண்டாமல் கிடைத்த இடத்தில் சுருக்கமாக இரண்டு ரக்அத் தொழுது உட்காருங்கள். ஹனஃபி என்றால் நேரே உட்கார்ந்துவிடலாம். பேசுபவரை "சும்மா இரு" என்று அதட்டுவதும் வீண் பேச்சு என்று ஹதீஸ் இருக்கிறது.

மிம்பர் (குத்பா மேடை) முன் பாங்கு சொன்ன பிறகு நிறுவையும் விற்பனையும் கூடாது. வியாபாரத்தை விடச் சொல்கிறது குர்ஆன் 62:9. அதனால் மழை பெய்த வெள்ளியில் மங்கிலேயே (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்திலேயே) பாலை உறையவிடுங்கள். சனிக்கிழமை கட்டிப்பாலாக எடுத்துக்கொள்ளலாம்; விலை சற்றுக் குறைந்தாலும் ஜும்ஆ முழுதாகக் கிடைக்கும்.