பேக்கப் இருக்கிறது, எதை வைத்துத் திறப்பீர்கள்?

வீட்டுக் கணினி படுத்துவிட்டால் பேக்கப்பிலிருந்து மீட்க இப்போதே என்ன தயார் செய்ய வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: வாரா வாரம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழு இமேஜ் (டிஸ்க் முழுவதின் நகல்) எடுக்கிறேன். இது போதாதா?

எடுப்பது பாதி வேலைதான். கணினி பூட் ஆகவே (தொடங்கவே) இல்லை என்றால் அந்த இமேஜை எதைக் கொண்டு திறப்பீர்கள்? அதற்கான மென்பொருள் செத்துப்போன டிஸ்க்கில் அல்லவா இருக்கிறது! பெரும்பாலான பேக்கப் மென்பொருள்களில் மீட்புப் பென் டிரைவ் உருவாக்கும் வசதி உண்டு. அதை இன்றே செய்யுங்கள். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றும் கூடவே இருக்கட்டும், 8 ஜிபி போதும். செய்து டிராயரில் போட்டுவிடாமல், ஒருமுறை அதிலிருந்து பூட் செய்து உங்கள் இமேஜ் தெரிகிறதா என்று பாருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு எஃப்12-ஆ, எஸ்கேப்பா என்பது கணினிக்குக் கணினி மாறும். தெரிந்ததும் அந்தப் பென் டிரைவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்படிப் பார்த்தேன் சார். வெளி டிஸ்க் தெரிகிறது, லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டி (உள் டிஸ்க்) தெரியவில்லை. போய்விட்டதா?

விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை விஎம்டி என்ற அமைப்பு வழியாக இணைக்கிறார்கள். மீட்புப் பென் டிரைவில் அதற்கான டிரைவர் (அதை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, பென் டிரைவில் போட்டு வையுங்கள். அவசர நேரத்தில் இப்படி டிஸ்க் தெரியாமல் போயிருந்தால், கெட்டுவிட்டது என்று நினைத்து டிஸ்க்கையே மாற்றியிருப்பீர்கள்.

கேள்வி: பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்கிறார்களே, நான் எதையும் ஆன் செய்யவே இல்லை.

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. நீங்கள் செய்யாவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததும் பல புதிய கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். அப்புறம் மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தாலோகூட ரெக்கவரி கீ என்ற 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும்.

நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன். மதர்போர்டு மாற்றிய பிறகு கீ கேட்டது. கீ என் கணக்கில் இருந்தது. கணக்கின் பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட் மேனேஜரில். பாஸ்வேர்ட் மேனேஜர் அதே லேப்டாப்பில்! சரி, பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் ஓடிபி நான் எப்போதோ கைவிட்ட எண்ணுக்குப் போகிறது. பேக்கப் கையில் பத்திரமாக இருந்தும் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் பேக்கப் டிஸ்க்குக்குப் போட்ட பாஸ்வேர்டும் அதே மேனேஜரில்தான் இருந்தது.

அதனால் ரெக்கவரி கீ, கணக்கின் பாஸ்வேர்ட், பேக்கப் பாஸ்வேர்ட், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மாற்றுக் குறியீடுகள் (ஓடிபி வராதபோது உதவுபவை) எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். காகிதமா என்று சிரிக்காதீர்கள், அது பூட் ஆக வேண்டியதில்லை.

கேள்வி: எல்லாமே கிளவுடில் சிங்க் ஆகிறது. தனி பேக்கப் தேவையா?

தேவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 500 ஜிபி எஸ்எஸ்டி போட்டு ரீஸ்டோர் செய்யலாமா? உள்ளே இருப்பது 200 ஜிபிதான்.

விண்டோஸோடு வரும் சிஸ்டம் இமேஜ் வசதி ஒத்துக்கொள்ளாது. பழைய டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். வேறு சில மென்பொருள்கள் சுருக்கிப் போட்டுவிடும். உங்களுடையது எந்த வகை என்று வாங்கும் முன்பே பாருங்கள். பழைய டிஸ்க்கில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், மீட்பு முழுதாக முடியும்வரை அதை ஃபார்மட் செய்யாதீர்கள்.

கேள்வி: ரீஸ்டோர் ஆகுமா என்று சோதிக்க இருக்கும் கணினியை அழிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பேக்கப்பிலிருந்து பத்துப் பதினைந்து கோப்புகளை வேறொரு ஃபோல்டருக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். பெரிய வீடியோ ஒன்றும், மிகப் பழைய படம் ஒன்றும் அதில் இருக்கட்டும். உபரி டிஸ்க் இருந்தால் கணினியின் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த உபரி டிஸ்க்கில் முழு ரீஸ்டோர் செய்து பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

கேள்வி: எவ்வளவு நேரம் ஆகும்?

பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் என்றால் நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிது. அந்தக் கணக்கில் 500 ஜிபிக்கு நாலு மணி நேரம். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால் பாதிக்கும் கீழே குறையும். எதுவானாலும் லேப்டாப்பில் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.