சிறைக்குள் ஓட்டல் - ஒரு கடிதம்

வணக்கம் சார்,

மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்தில் கோபர்க்கில் பென்ட்ரிட்ஜ் என்று ஒரு பழைய சிறை. உள்ளே இப்போது தியேட்டர், கடைகள், ஓட்டல். கொட்டடிகளைச் சேர்த்துச் சொகுசு அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். மனிதர்களைத் தூக்கில் போட்ட இடத்தில் படுத்துத் தூங்க எப்படி மனசு வருகிறது? அப்படியே பூட்டி வைத்திருக்கலாமே?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பூட்டி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1850இல் தொடங்கிய சிறை. 1997இல் மூடி, 1999இல் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்றுவிட்டார்கள். அத்தனை பெரிய புளூஸ்டோன் (கருங்கல் போன்ற ஒரு கல்) கட்டடங்கள் ஆள் புழங்காமல் கிடந்தால் கூரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விழும். வேலைகள் நடந்ததால்தான் 2014இல் மண்ணுக்கடியிலிருந்து, கைதிகளை நடக்க விட்ட வட்ட முற்றத்தின் அடித்தளமே வெளியே வந்தது. நடுவில் ஒரு காவலர், சுற்றிலும் சுவர் வைத்துப் பிரித்த துண்டுகள், துண்டுக்கு ஒரு கைதி. ஒரு நாளில் 23 மணி நேரம் கொட்டடியில் தனியாக இருந்தவனுக்குக் காற்று வாங்கக் கிடைத்த ஒரு மணி நேரமும் தனியாகத்தான், பக்கத்தில் யார் நடக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல். பேசக்கூடாது, வெளியே வரும்போது முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். லண்டன் பென்டன்வில் சிறையைப் பார்த்துக் கொண்டுவந்த ஏற்பாடு இது, மனிதன் திருந்துவான் என்று நம்பியே செய்தார்கள்.

ஒரு விஷயம், ஓட்டல் இருப்பது சிறையின் பி டிவிஷன் என்ற பகுதியில். ஆஸ்திரேலியாவில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட ரொனால்ட் ரயனை 1967 பிப்ரவரி 3 அன்று தூக்கில் போட்டது டி டிவிஷனில். வெளியே ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்த்தும் மாநிலப் பிரதமர் ஹென்றி போல்ட்டி அசையவில்லை. எட்டு வருடம் கழித்து, 1975இல், விக்டோரியா மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது.

ஓட்டலைவிட என்னைத் தொந்தரவு செய்வது ஜிகா ஜிகா. 1980இல் திறந்த உயர்பாதுகாப்புப் பிரிவு, கதவுகள் எல்லாம் தூரத்திலிருந்து இயக்குபவை. 1987 அக்டோபர் 29 அன்று, அங்குள்ள நிலைமையை எதிர்த்துக் கைதிகள் தடுப்பு போட்டுத் தீ வைத்தார்கள், கதவுகளைத் திறக்க முடியவில்லை, புகையில் 5 பேர் செத்தார்கள். ரயனுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்ளைக்காரன் நெட் கெல்லிக்கும் (கெல்லியின் எலும்புகள் 1929 முதல் இங்கேதான் புதைந்து கிடந்தன) கதை சொல்ல எப்போதும் ஆள் உண்டு. இந்த ஐந்து பேருக்கு? அந்தக் கட்டடமும் இப்போது இல்லை, கான்கிரீட்டை யாரும் அழகு என்று பாதுகாக்க மாட்டார்கள். ஆனால் அன்று உள்ளே இருந்தவர்களில், காவலர்களில், இறந்தவர்களின் வீட்டாரில் பலர் இன்னும் உயிரோடு இருக்கக்கூடிய காலம்தான் அது. நூறு வருடம் ஆன கொடுமையைக் காட்சிக்கு வைப்பது சுலபம், யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நேற்று நடந்ததைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும், இடத்தை விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு அந்தக் கடமை இன்னும் கூடுதலாக இருக்கிறது.

அதனால் கோபப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அங்கே சுற்றிக் காட்டுகிறது, எச் டிவிஷனுக்குப் போங்கள், கைதிகள் கல் உடைத்த முற்றங்கள் இருக்கும் பகுதி. அப்புறம், கூட வருகிறவரிடம் ஜிகா ஜிகா எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.