பாக்டீரியா கூட்டமாக வாழ்வதில் புரத இழைகளுக்கு என்ன வேலை? அதைத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடியுமா?

பயோஃபிலிமில், அதாவது பாக்டீரியா கூட்டமாக ஒட்டி வாழும் படலத்தில், செல்களை ஒன்றோடொன்றும், ஒட்டியிருக்கும் பரப்போடும் பிடித்து வைக்கும் வேலை. பார்க்கவும் முடியும், அதற்கு வசதியானது ஈ. கோலையின் கர்லி இழை.

அல்சைமர் நோயில் மூளையில் படிகிறதே, அதே அமைலாய்டு (புரதங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கெட்டியான இழை) வகைதான் கர்லியும். ஆனால் இது புரதம் தவறாக மடிந்ததால் வந்த கோளாறு அல்ல, செல் வேண்டுமென்றே கட்டுவது. இழையின் மூலப்பொருளான சிஎஸ்ஜிஏ புரதம் மடியாமலேயே வெளிச்சவ்வில் உள்ள சிஎஸ்ஜிஜி துளை வழியாக வெளியேறும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிஎஸ்ஜிபி என்ற இன்னொரு புரதம் அதை மடிய வைத்து இழையைத் தொடங்கி வைக்கும். உள்ளேயே இழையாகிவிடாமல் தடுப்பது சிஎஸ்ஜிசி. எனக்குப் பிடித்த விஷயம் இது: சிஎஸ்ஜிபி இல்லாத செல் வெளியே விடும் சிஎஸ்ஜிஏ, பக்கத்தில் சிஎஸ்ஜிஏ இல்லாத, சிஎஸ்ஜிபி மட்டும் உள்ள செல்லின் மேல் போய் இழையாகும். ஒருவர் சரக்கு, இன்னொருவர் வீடு!

இனி தட்டு. ஒரு லிட்டருக்கு கேசமினோ அமிலம் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 கிராம், அகார் 20 கிராம். உப்பு போடாதீர்கள், கர்லி உற்பத்தி குறையும். ஆட்டோகிளேவ் செய்து (உயரழுத்த நீராவியில் கிருமி நீக்கி) 55 டிகிரி அளவுக்கு ஆறியதும் கர்லியில் ஒட்டிச் சிவப்பு காட்டும் காங்கோ ரெட் சாயம் 50 மில்லிகிராம் கலந்து ஊற்றுங்கள். இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரில் 4 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, 26 முதல் 28 டிகிரியில் 48 மணி நேரம் விடுங்கள். பழக்கதோஷத்தில் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் பெரும்பாலான ஆய்வக வகைகள் வெளிறியே இருக்கும்.

கர்லியும், சில வகைகள் சுரக்கும் செல்லுலோஸ் என்ற சர்க்கரை இழையும் சேர்ந்தால் காலனி சிவந்து, உலர்ந்து, சுருங்கும். எம்ஜி1655 போன்ற கே-12 ஆய்வக வகைகள் செல்லுலோஸ் செய்வதில்லை, சிவக்கும், சுருங்காது. செல்லுலோஸ் மட்டும் இருந்தாலும் இளஞ்சிவப்பு வரும் என்பதால், சிஎஸ்ஜிஏ நீக்கிய வகையைப் பக்கத்தில் வைக்காமல் நிறத்தை நம்பாதீர்கள்.

வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) எடுப்பவர்கள் வழுக்குவது வேறு இடத்தில். புரதங்களைக் கரைக்கும் எஸ்டிஎஸ் சோப்புப் பஃபரில் கொதிக்க வைத்தாலும் கர்லி கரையாது. ஜெல்லின் கிணற்றிலேயே தங்கிவிடும், புரதமே இல்லை என்று நினைத்துவிடுவோம். முதலில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஃபார்மிக் அமிலத்தில், ஃபியூம் ஹூடுக்குள் கரைத்து, வெற்றிடத்தில் முழுக்க உலர்த்தி, பிறகு பஃபர் சேருங்கள். பஃபரில் உள்ள சாயத்தின் நீலம் மஞ்சளானால் அமிலம் மிச்சமிருக்கிறது.