கேள்வி-பதில்: தனக்கு மிஞ்சித்தான் தானமா?

கேள்வி: பிரிட்டன் அரசு வெளிநாட்டு உதவியைக் குறைப்பதையும் படகில் வருகிற அகதிகளைத் தடுப்பதையும் போன இதழில் கண்டித்திருந்தீர்கள். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? தன் வீட்டு வாசலைப் பூட்டிக்கொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உரிமை உண்டு. யார் உள்ளே வரலாம் என்பதை அந்த நாட்டு மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 2022-ல் மட்டும் 45,000 பேருக்கு மேல் சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்து டோவர் கரையில் குடியிருப்பவர் கவலைப்பட்டால், உடனே இனவெறி என்று முத்திரை குத்துவது அநியாயம். ரப்பர் படகில் ஆட்களை அடைத்து அனுப்பிக் காசு பார்க்கும் கும்பலை ஒழிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன பழமொழியை வைத்தே கணக்குப் பார்த்துவிடுவோம். நாட்டின் வருமானத்தில் நூறு பவுண்டுக்கு 70 பென்ஸ் ஏழை நாடுகளுக்குத் தருவதாக பிரிட்டன் 2015-ல் சட்டமே போட்டது. கொரோனாவைக் காரணம் காட்டி 2021-ல் அதை 50 பென்ஸ் ஆக்கினார்கள். 2027-ல் 30 பென்ஸ் ஆகும் என்று பிரதமர் ஸ்டார்மர் 2025 பிப்ரவரியில் அறிவித்தார், மிச்சம் ராணுவத்துக்கு. அவருடைய சொந்தக் கட்சிக்காரர், உதவித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ், அந்த வாரமே பதவியை விட்டு விலகினார்.

அந்த 50 பென்ஸாவது முழுசாகக் கடல் தாண்டிப் போனதா? அதுவும் இல்லை. அகதியாக வந்தவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும் செலவை 'வெளிநாட்டு உதவி' என்றே எழுதிக்கொள்ளலாம் என்று பணக்கார நாடுகளின் கணக்கு விதி அனுமதிக்கிறது. 2023-ல் பிரிட்டன் அப்படி எழுதியது சுமார் 430 கோடி பவுண்டு. மொத்த உதவியில் கால் பங்குக்கும் மேல்! அதில் பெரும் பங்கு உள்நாட்டு ஓட்டல் அறைகளுக்குப் போனது. ஓட்டலில் ஏன் இத்தனை பேர்? அவர்களுடைய புகலிட மனுக்களை விசாரிக்காமல் போட்டுவைத்ததால்தான். அந்த ஆண்டு நடுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கும் காலத்தில் பெரும்பாலோர் வேலைக்குப் போகவும் அனுமதி இல்லை.

இதே 2023-ல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் என்ன நடந்தது? மியான்மரிலிருந்து தப்பி வந்த சுமார் பத்து லட்சம் ரோஹிங்கியாக்கள் மூங்கில், தார்ப்பாய்க் குடிசைகளில் இருக்கிறார்கள். கொடுக்கும் நாடுகள் கையை இறுக்கியதும், ஐ.நா. உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த ரேஷனை முதலில் பத்தாக்கியது, பிறகு எட்டாக்கியது. நம் காசில் ஒரு நாளைக்கு 22 ரூபாய். வெளியே போய்ச் சம்பாதிக்க வழியில்லாத ஒரு தாய் அந்த 22 ரூபாயில் பிள்ளைக்கு மூன்று வேளை என்ன பொங்கிப் போடுவாள்? பிறகு கூட்டினார்கள், உண்மை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோர் படகேறி இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் போய் இறங்கியிருந்தார்கள். முகாமில் நடந்த கொலைகளும் கடத்தல்களும் அவர்களைத் துரத்தின; பசியும் துரத்தியது என்றே நான் நம்புகிறேன். உதவியையும் நிறுத்து, ஆளும் வராதே என்றால் எப்படி? ஊரில் இருக்கவும் வழியில்லாதவன் எங்கே போவான்?

தடுப்பதற்குச் செலவில்லை என்றும் எண்ண வேண்டாம். படகில் வந்தவர்களை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு சுமார் 70 கோடி பவுண்டு கரைந்தது. அது சட்டவிரோதம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. புதுச் சட்டம் போட்டும் பார்த்தார்கள். கடைசியில் போனவர்கள் நான்கு பேர், அவர்களும் தாங்களாக விரும்பிப் போனவர்கள்.

இனி நம் ஆட்களின் கதை. 2021 அக்டோபரில் ஈழத் தமிழர் 89 பேர் கனடா போகும் எண்ணத்தில் கடலில் இறங்கினார்கள். படகு பழுதாகி, பிரிட்டன் கப்பல்கள் அவர்களை இந்தியப் பெருங்கடலில் தங்கள் வசம் இருந்த டியாகோ கார்சியா தீவில் கொண்டுபோய் விட்டன. (அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அந்தத் தீவின் சொந்த மக்களையே பிரிட்டன் ஐம்பது ஆண்டுக்கு முன் வெளியேற்றியிருந்தது.) கால்பந்து மைதானம் அளவு இடம், சுற்றிலும் வேலி, உள்ளே கூடாரங்கள். குழந்தைகள் படுத்திருக்கும் கூடாரத்துக்குள் எலி ஓடியது. சிலர் தற்கொலைக்கு முயன்றார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி 2024-ல் நேரில் போய் அந்தக் கூடாரங்களைப் பார்த்தார். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பு எழுதினார். அதே மாதம் பெரும்பாலோரை விமானத்தில் ஏற்றி பிரிட்டனுக்கே கொண்டுபோனார்கள்.

மூன்று வருஷம், இரண்டு மாதம். அவர்களில் யாருக்குப் பாதுகாப்பு தேவை, யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று முதல் ஆறு மாதத்துக்குள் விசாரித்து முடித்திருக்கலாம். பூட்டும் உரிமையை நான் மறுக்கவில்லை, ஐயா. வாசலில் நிற்பவனிடம் யார் நீ, என்ன நடந்தது என்று கேட்காமலே பூட்டாதீர்கள் என்றுதான் போன இதழிலும் எழுதினேன்.