ஒத்திக்கு விட்டு மனை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. சவூதியில் 14 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மண்டபத்தில் வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறேன். உச்சிப்புளியில் கீழும் மேலுமாக இரண்டு வீடுகள் கட்டினேன். கீழ்வீட்டை 5 லட்சத்துக்கும் மேல்வீட்டை 4 லட்சத்துக்கும் மூன்று வருட ஒத்திக்கு (மாத வாடகை கிடையாது; தவணை முடிந்ததும் வாங்கிய மொத்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்) விட்டு, அந்தப் பணத்தில் பாம்பன் பக்கம் மூன்றரை சென்ட் மனை வாங்கினேன். பத்திரச் செலவு சேர்த்து எட்டரை லட்சம் ஆனது. மீதி ஒரு கல்யாணச் சீருக்குப் போனது. கீழ்வீட்டு ஒத்தி 7 மாதத்திலும் மேல்வீட்டு ஒத்தி 19 மாதத்திலும் முடிகின்றன. கீழ்வீட்டுக்கு வேறொருவர் 6 லட்சம் ஒத்தி தருகிறார். பழையவர் பணத்தைத் திருப்பிவிட்டு, மீதி ஒரு லட்சத்தை முன்பணமாக வைத்து, என் மனைவியின் அண்ணன் விற்கும் இரண்டாம் கட்ட மனையைத் தவணையில் வாங்கலாமா? ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்கிறார். அல்லது மாதம் 1 சதவீத வாடகை உறுதி என்று சொல்லும் கடலோர வில்லா திட்டத்தில் சேரலாமா? கடையிலிருந்து மாதம் 5,000 மிச்சமாகிறது. மனைவியின் நகை 20 பவுன் இருக்கிறது. கடன் எதுவும் கிடையாது.
— வாசகர், உச்சிப்புளி

பதில்: கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தேன். கடன் கிடையாதா? 9 லட்சம் கடன் வைத்திருக்கிறீர்கள். வட்டியை நீங்கள் கையால் எண்ணிக் கொடுக்காததால் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைத் தோராயமாகவே போடுவோம். உச்சிப்புளியில் உங்கள் கீழ்வீட்டைப் போன்ற ஒன்று 5,500 ரூபாய்க்கும், மேல்வீடு 4,500-க்கும் வாடகைக்குப் போகும் என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் 10,000, வருடம் 1,20,000. இந்த வாடகையை விட்டுக்கொடுத்துத்தான் 9 லட்சத்தை வாங்கியிருக்கிறீர்கள். அதாவது 13 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே வட்டி. உங்கள் கீழ்வீட்டுக்காரர் அதே 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் மாதம் 2,900 ரூபாய் வந்திருக்கும். அந்த 2,900-ஐ விட்டுவிட்டு 5,500 ரூபாய் வீட்டில் குடியிருக்கிறார். இதில் முதலீட்டாளர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி மனைக்கு வருவோம். அது ஒரு ரூபாய் வாடகை தராது. எட்டரை லட்சத்துக்கு 13.3 சதவீத வீதம் மூன்று வருடம் என்றால் சுமார் 3.4 லட்சம். ஆக, மூன்றாம் வருட முடிவில் அந்த மூன்றரை சென்ட் 12 லட்சத்துக்குப் போனால்தான் நீங்கள் கிளம்பிய இடத்திலேயே நிற்பீர்கள். தரகு தனி. வாங்குகிறவரும் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் கட்ட வேண்டியிருப்பதால், விலை பேசும்போது அதையும் உங்கள் தலையில்தான் இறக்கப் பார்ப்பார்.

6 லட்சம் ஒத்தி என்றால் வட்டி 11 சதவீதமாகக் குறைகிறதே என்று கேட்பீர்கள். குறைகிறதுதான். ஆனால் மூன்று வருடம் கழித்துத் திருப்ப வேண்டிய தொகை 5 லட்சத்திலிருந்து 6 லட்சமாகிவிடுகிறது. அப்போது 7 லட்சம் தருகிற ஆளைத் தேடுவீர்கள். பழைய ஒத்தியைப் புது ஒத்தியால் அடைக்கும் இந்தப் பழக்கம்தான் உங்கள் சிக்கல். மனையா வில்லாவா என்பதெல்லாம் அப்புறம். ஏதாவது ஒரு வருடம் ஆள் கிடைக்காமல் போனால், குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய மாட்டார், வட்டிக்காரர் வாசலில் நிற்பார். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கட்டத்தில்தான் எழுதுகிறார்கள். நீங்கள் 7 மாதம் முன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒத்தியை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தை மஞ்சள் பையில் வாங்குவது நம் பக்கத்து வழக்கம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்குவதையும் திருப்புவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகலாம். நீங்கள் எப்படி வாங்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. திருப்பும்போதாவது வங்கிக் கணக்கு வழியாகத் திருப்புங்கள்.

கடலோரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு மாத வாடகை அவசியம் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. உப்புக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், காரை பெயர்ந்து கூரைக்குள் இருக்கும் கம்பி தெரியும், மோட்டார் சீக்கிரமே கைவிடும், ஆழ்துளைத் தண்ணீர் கரிக்க ஆரம்பிக்கும். வாடகை வாங்குகிறவர் மாதம் ஒருமுறை வீட்டுப் பக்கம் போவார். கண்ணில் பட்டதை அந்தப் பணத்திலேயே சரிசெய்வார். ஒத்திக்கு விட்டவர் மூன்று வருடம் அந்தப் படியே ஏறுவதில்லை. ஏறினாலும் செலவழிக்கக் கையில் வாடகை இல்லை. வருடத்தில் ஒன்றரை மாத வாடகையைப் பழுதுக்கென்று ஒதுக்குங்கள். மதுரைக்காரருக்கு நான் ஒரு மாதம்தான் சொல்வேன்.

சரி, வெளியே வரும் வழி. மனையை விற்றுவிடுங்கள். 8 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் தரகு 2 சதவீதம் போக 7.84 லட்சம். அதில் 5 லட்சத்தைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்து ஒத்தியை முடியுங்கள். மீதி 2.84 லட்சத்தை வங்கியில் போடுங்கள். மேல்வீட்டுக்கு இன்னும் 1.16 லட்சம் தேவை. கீழ்வீட்டு வாடகை 12 மாதத்துக்கு 66,000. கடை மிச்சம் 19 மாதத்துக்கு 95,000. பழுதுச் செலவு, வீடு காலியாகக் கிடக்கும் ஓரிரு மாதம் எல்லாம் கழித்தாலும் தாராளமாகப் போதும். மனை 7 மாதத்துக்குள் விற்காவிட்டால் மட்டும் நகையை வங்கியில் வைக்கலாம். வட்டி பத்து சதவீதத்தை ஒட்டி இருந்தால்கூட 5 லட்சத்துக்கு மாதம் 4,200 ரூபாய். கீழ்வீட்டு வாடகையே அதைக் கட்டிவிடும். நகை உங்கள் மனைவியுடையது. அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள், தகவல் சொல்லிவிட்டு அல்ல.

வாடகைக்கு ஆள் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், ரயில்வே, பள்ளிகள் என்று மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். மாற்றல் ஆகி வருகிறவரிடம் 5 லட்சம் மொத்தமாக இருக்காது. வாடகைப்படிக்குக் காட்ட ரசீது கேட்பார். ஒத்தியில் ரசீதுக்கு வழியில்லை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள்.

வில்லாவுக்கு அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். ஆள் தங்கினாலும் தங்காவிட்டாலும் மாதம் 1 சதவீதம் தருகிறவர், அதை உங்கள் பணத்திலிருந்தோ அடுத்து வருகிறவர் பணத்திலிருந்தோதான் தர முடியும். அது கடலை ஒட்டி இருக்கிறது என்பதையே பெருமையாகச் சொல்கிறார்கள். அலை ஏறும் எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதிகளில் பல இடங்களில் முதல் 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

மைத்துனருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் மனை விற்கிற எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்லி மனக்கசப்பு வளர்க்காதீர்கள். இரண்டாம் கட்டத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்கிறாரே, அந்த வரிசையில் ஒருவருக்கு உங்கள் பாம்பன் மனையை விற்றுத் தரச் சொல்லுங்கள். தரகையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.