வள்ளத்து எஞ்சினும் ரப்பர் குழாயும்: எரிபொருள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, பெட்ரோல் விலை எப்போது குறையும் என்பது. வேதியியல் படித்தவனிடம் அதைக் கேட்பது, மழை எப்போது வரும் என்று குடை தைப்பவரிடம் கேட்பது போல. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மீன்பிடி வள்ளத்து (படகு) எஞ்சினைப் பெட்ரோல் ஊற்றித்தான் கிளப்புகிறோம். சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நேராக மண்ணெண்ணெயிலேயே கிளப்பினால் என்ன? (தேங்காய்ப்பட்டணம்)

கிளம்பாது, கிளம்பினாலும் புகைந்து திணறும். காரணம் தெரிய வேண்டுமானால் கச்சா எண்ணெயிலிருந்து தொடங்க வேண்டும். அது ஒற்றைப் பொருள் அல்ல, பெரிய கலவை. பெரும்பகுதி கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த மூலக்கூறுகள். அதனால்தான் ஹைட்ரோகார்பன் என்று பெயர். தோவாளையில் பூத்தொடுப்பவர்கள் முழமாகவும் சாணாகவும் சரம் கட்டுவதுபோல, இங்கே கார்பன் அணுக்கள் நீளமும் குட்டையுமாகக் கோத்துக் கிடக்கின்றன. வளையமாக முடிந்தவையும் உண்டு.

சரம் நீள நீள, ஆவியாக அதிக வெப்பம் கேட்கும். சுத்திகரிப்பு ஆலையின் முதல் வேலையே இதை வைத்துத்தான். கச்சா எண்ணெயை ஏறத்தாழ 350 டிகிரிக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். மூன்று, நான்கு கார்பன் கொண்ட சமையல் வாயு உச்சிக்குப் போய்விடும். ஐந்து முதல் பன்னிரண்டு வரை பெட்ரோல். பத்து முதல் பதினாறு வரை மண்ணெண்ணெய். அதற்குக் கீழே டீசல். ஏறவே முடியாமல் அடியில் தங்குவதிலிருந்து தார் கிடைக்கிறது. இந்த எல்லைகள் வேலி போட்டவை அல்ல, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

இனி உங்கள் எஞ்சினுக்கு வருவோம். தீப்பொறி திரவத்தைப் பற்றவைக்காது, ஆவியைத்தான் பற்றவைக்கும். விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் சிலிண்டரில் பெட்ரோல் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஈரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எஞ்சின் சூடான பிறகு அதுவும் வழிக்கு வரும். கரைக்குத் திரும்பி நிறுத்துவதற்கு முன்னால் சற்று நேரம் பெட்ரோலில் ஓட்டுவதும் இதற்காகத்தான். இல்லாவிட்டால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் தங்கும் மண்ணெண்ணெய் மறுநாள் தொல்லை கொடுக்கும்.

கிளப்ப உதவும் இதே குணம் வீட்டுக்குள் ஆபத்து. பெட்ரோலின் ஆவி பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 டிகிரியாவது வேண்டும். கேனில் மிஞ்சிய பெட்ரோலை மண்ணெண்ணெய் அடுப்பில் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

நல்ல கேள்வி. மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. முக்கால் கிலோவில் கார்பன் மட்டும் ஏறத்தாழ 640 கிராம். ஒரு கார்பன் அணுவின் எடை 12. அது இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டால் 12 கூட்டல் 32, மொத்தம் 44. அதாவது 640 கிராம், 12க்கு 44 என்ற விகிதத்தில் பெருகும். போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் தன் பங்குக்கு ஆக்சிஜனைப் பிடித்து நீராவியாகிறது. காலையில் புகைக்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் அதுதான். மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

பைக்கின் பெட்ரோல் குழாய் கிழிந்ததால் சைக்கிள் டியூப் துண்டைச் செருகினேன். ஒரே வாரத்தில் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. ரப்பர் மட்டமா? (குலசேகரம்)

ரப்பர் மீது பழி போடாதீர்கள், அதுவும் உங்கள் ஊரிலிருந்து. நீங்கள் வெட்டும் மரத்தின் பாலில் இருக்கும் ரப்பர் ஒரு ஹைட்ரோகார்பன்தான்! ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கொண்ட ஐசோபிரீன் என்ற கண்ணி, ஆயிரக்கணக்கில் தொடுத்த சரம். இனம் இனத்தைத் தேடும். பெட்ரோலின் குட்டைச் சரங்கள் ரப்பரின் நெடுஞ்சரங்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கிவிடுகின்றன; ரப்பர் உப்புகிறது. எரிபொருள் குழாய்க்கு நைட்ரைல் ரப்பர் என்று ஒன்று உண்டு. அதன் சரத்தில் நைட்ரஜன் கலந்திருப்பதால் பெட்ரோலோடு அவ்வளவாக ஒட்டுறவு கொள்ளாது. கடையில் பெட்ரோல் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

கச்சா எண்ணெய் விலை விழுந்தால் ரப்பர் ஷீட் விலையும் ஏன் ஆட்டம் காண்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். செயற்கை ரப்பருக்கு வேண்டிய ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. செயற்கை ரப்பர் மலிந்தால் டயர் கம்பெனி உங்கள் ஷீட்டுக்கு விலை குறைத்துக் கேட்கும்.

சமையல் வாயு கசிந்தால் மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் போதுமா? (நாகர்கோவில்)

போடவே கூடாது. சுவிட்சில் எழும் பொறியே போதும். மேலும், புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை; தரையில்தான் தேங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்று வீசும் மாதமானால் சீக்கிரம் கலைந்துவிடும். அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். அந்த நாற்றம் வாயுவின் சொந்த நாற்றமும் அல்ல. கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன் அது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோண்டினால் எண்ணெய் வருமா? (குளச்சல்)

நிலத்தில் வராது. கடல் நுண்ணுயிர்கள் சேற்றில் புதைந்து, பல பத்து லட்சம் ஆண்டுகள் 60 முதல் 120 டிகிரி வரை பக்குவமாக வெந்தால் எண்ணெய் உருவாகும். நம் மலைகளின் சார்னோக்கைட் பாறை 700 டிகிரிக்கு மேல் வெந்தது. அங்கே எண்ணெய் இருந்திருந்தாலும் கருகியிருக்கும். கடலுக்கடியில் வண்டல் படிவுகள் இருக்கின்றன. அங்கே தேடுவதில் பொருள் உண்டு. மீன்வளம் மிக்க இடத்தில் தேடலாமா என்பதற்கு வேதியியலில் விடை இல்லை. என் சொந்தக் கருத்து, கடலில் போகிறவர்களைக் கேட்காமல் கூடாது.

அதிகாலையில் பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?

பத்து டிகிரி குளிர்ந்தால் பெட்ரோல் ஒரு சதவீதம் சுருங்கும். ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. அதற்கு விடியலும் உச்சிவெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தூங்குங்கள்.

தேங்காய் எண்ணெயை டீசல் எஞ்சினில் ஊற்றலாமா? (தக்கலை)

பெயரில் எண்ணெய் இருந்தாலும் இரண்டும் வேறு சாதி. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறில் ஆக்சிஜன் உண்டு. மூன்று சரங்களைக் கிளிசரின் ஒரு முடிச்சில் கட்டி வைத்திருக்கிறது. அதனால் கொழகொழப்பு. ஏறத்தாழ 24 டிகிரியில் உறைந்தும் போகும். மார்கழிக் காலையில் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள், வடிகட்டியிலும் அப்படியே உறையும். மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து அந்த முடிச்சை அவிழ்த்தால் பயோடீசல் கிடைக்கும். பிலிப்பைன்ஸில் டீசலோடு கலக்கிறார்கள். இங்கே தேங்காய் எண்ணெய் விற்கும் விலைக்கு, அவியலில் ஊற்றுவதற்கே வீட்டில் கணக்குக் கேட்கிறார்கள்.